மேகமே கைகொடுக்கிறது!

(தலைப்பு: உலகத் தொண்டு நிறுவனங்களுக்கு இன்று பெரிதும் துணை நிற்பது ஈர நெஞ்சமா? மேகக் கணினியா? — 'மேகக் கணினியே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

அன்பும் நகைச்சுவையும் ஒருங்கே அமைந்த நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே ஈர நெஞ்சத்தோடு வீற்றிருக்கின்ற அறிஞர் பெருமக்களே! அரங்கத்திலே அமர்ந்திருக்கின்ற சான்றோர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே குடும்பத்தோடு உட்கார்ந்து, விளம்பரம் வந்தால் மட்டும் எழுந்து போகிற அன்பு நெஞ்சங்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அண்ணன், கண்ணிலே தண்ணீர் வருகிற மாதிரி பேசிவிட்டுப் போய்விட்டார். நானே கைக்குட்டையைத் தேடினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அடடா, நாம அந்த அணி இல்லையேன்னு! (சிரிப்பு)

அவர் ஒரு கேள்வி கேட்டார். "மேகம் மேகம்னு சொல்றாங்களே, மேகமா வந்து அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்கும்?" அண்ணே, மழை பெய்யலைன்னா புல்லு ஏது? புல்லு இல்லைன்னா மாடு ஏது? மாடு இல்லைன்னா பால் ஏது? (கைதட்டல்) வள்ளுவப் பெருந்தகையே கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பைத்தான் வைத்தார். அவர் சொன்னது மழை மேகம். நான் பேச வந்தது கணினி மேகம். ஆனால் நடுவர் அவர்களே, இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, இல்லாத இடத்திலே கொண்டுபோய்ச் சேர்ப்பது!

போன வாரம் எங்க வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன். சாயந்திரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டிலே தயிர் இல்லையேன்னு நினைப்பு வந்தது. ஒரு பாக்கெட் வாங்கினேன். வெளியே போயிருந்த எங்க வீட்டுக்காரருக்கும் அதே நினைப்பு. அவர் ஒரு பாக்கெட். வேலை முடிந்து வந்த மகள் ஒரு பாக்கெட். எங்க மாமியார், "இவங்க எங்கே ஞாபகம் வெச்சு வாங்கப் போறாங்க?"ன்னு பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ஒரு பாக்கெட்! (சிரிப்பு) நாலு பாக்கெட் தயிர். மறுநாள் காலையிலே காபிக்குப் பால் இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்க நாலு பேருக்கும் வீட்டு மேலே அன்பு இல்லையா? இருந்தது. அன்பு இருந்ததாலேதான் நாலு பாக்கெட்! இல்லாமல் போனது அன்பு இல்லை. நாலு பேரும் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு சீட்டு. அதுதான் இல்லை.

இப்போ என் மகள் ஒரு காரியம் பண்ணியிருக்கிறாள். எங்க எல்லார் போனிலேயும் ஒரே மளிகைப் பட்டியல். நான் கடையிலே "தயிர்" என்பதை அடித்தால், அவர் போனிலேயும் அடிபடும், மாமியார் போனிலேயும் அடிபடும். அந்தப் பட்டியல் என் போனிலே மட்டும் இல்லை, அவர் போனிலே மட்டும் இல்லை. எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்திலே, குளிர்பதன வசதியோடு ஓடிக்கொண்டிருக்கிற கணினிகளிலே இருக்கிறது. நாம் யார் எங்கிருந்து திறந்தாலும் அதே தாள், அதே எழுத்து. இதுதாங்க மேகக் கணினி. வானத்திலே ஒண்ணும் இல்லை, தரையிலேதான் இருக்கு. பேர்தான் மேகம்!

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டு நான் வங்கி வேலையிலே சேர்ந்தேன். அப்போ ஒவ்வொரு கிளையிலேயும் பெரிய பெரிய லெட்ஜர். மேலூர்க் கிளையிலே கணக்கு வைத்திருக்கிறவர் சென்னைக் கிளையிலே போய் நின்றால், "ஐயா, நீங்க யாரு?"ன்னு கேட்பாங்க. காசு அவருடையதுதான், ஆனால் லெட்ஜர் மேலூரிலே! அப்புறம் எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரே கணக்கு என்று வந்தது. எந்த ஊரிலே நின்றாலும் காசு கிடைத்தது. காசும் மாறவில்லை, மனுஷனும் மாறவில்லை. லெட்ஜர் இருக்கிற இடம்தான் மாறியது.

இனிமேல் சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டிலே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நாகப்பட்டினம். ஜனவரி முதல் வாரத்திலே நாங்கள் அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஒரு லாரி பிடித்தோம். நாற்பது மூட்டை அரிசி. விடிய விடியப் போனோம். சாலை ஓரமெல்லாம் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. ஊர் ஊராக அன்போடு அனுப்பிய துணி. எடுத்துக் கட்ட ஆள் இல்லை.

ஒரு மீனவர் குப்பத்திலே லாரியை நிறுத்தி அரிசியை இறக்கினோம். வயதான ஓர் அம்மா பக்கத்திலே வந்து நின்றார். "யம்மா, அரிசி இதோட நாலு லாரி வந்திருச்சு. பொங்கித் திங்க ஒரு சட்டி இல்லையே"ன்னார்.

எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. அங்கேயே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனக்காரர்கள், உள்ளூர் அமைப்புக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. அந்த ஒரே அம்மாவின் பெயரை நாலு பேர் நாலு நோட்டிலே எழுதிக்கொண்டு போனார்கள். நாலு நோட்டும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

திரும்பும்போது டீக்கடையிலே ஒருவர் சொன்னார்: "இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு ஊர் இருக்கு, அங்கே யாரும் போகலை." போனோம். எங்களைப் பார்த்ததும் சனங்கள் ஓடி வந்தார்கள். ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், லாரியின் பின்பக்கத்தைப் பிடித்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

லாரி காலி.

நடுவர் அவர்களே, எங்கள் நெஞ்சு காய்ந்தா போயிருந்தது? இல்லை. ஈரம் நிறைய இருந்தது. ஆனால் அந்த ஈரம் அந்தப் பெண்ணின் வயிற்றை நனைக்கவில்லையே! (நீண்ட அமைதி) அன்றைக்கு எங்களிடம் இல்லாதது அரிசி இல்லை. ஒரே சீட்டு!

இப்போது உங்களை ஹைட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கரீபியன் கடலிலே உள்ள ஏழை நாடு. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12, மாலை நேரம், பூகம்பம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிவிட்டது. உதவிக்குப் போகவேண்டிய ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஹைட்டிப் பணிக்குழுத் தலைமை அலுவலகமே இடிந்து, அதன் தலைவரே இறந்துபோனார். உலகத்திலிருந்து மீட்புக் குழுக்கள் வந்து இறங்குகின்றன. நெஞ்சிலே ஈரம் இருக்கிறது, கையிலே மருந்து இருக்கிறது. எந்தத் தெரு எங்கே போகிறது? தெரியாது. சரியான வரைபடம் இல்லை!

என்ன நடந்தது தெரியுமா? ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திறந்து, தெருவை வரைந்து, பெயரை எழுதலாம், எல்லோருக்கும் இலவசம். செயற்கைக்கோள் படங்களை அந்த நிறுவனங்கள் திறந்துவிட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள், ஹைட்டியை ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள், அவரவர் வீட்டு மேசையிலே உட்கார்ந்து, படத்தைப் பார்த்துத் தெருவை வரைந்தார்கள். ஒருவர் வரைந்த தெருவை இன்னொருவர் திரும்ப வரைய வேண்டியதில்லை. ஏனென்றால் எல்லோரும் எழுதுவது ஒரே தாளிலே! இவர் விட்ட இடத்திலே அவர் தொடங்கினார். சில நாட்களிலே ஊருக்கு வரைபடம் வந்துவிட்டது. மீட்புக் குழுவினர் அதைக் கைக்கருவியிலே ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். (கைதட்டல்)

இன்னொன்றும் நடந்தது. 4636 என்று ஓர் எண் அறிவித்தார்கள். இடிபாட்டுக்குப் பக்கத்திலே நிற்கிறவர், கையிலே இருக்கிற சாதாரண போனிலிருந்து அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், காசு கிடையாது. ஆனால் அவர் எழுதுவது ஹைட்டியர்களின் கிரியோல் மொழியிலே. உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்கு அது புரியாது. யார் மொழிபெயர்ப்பது? அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் பல நாடுகளிலும் வாழ்கிற ஹைட்டிய மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்திலே கூடினார்கள். செய்தி வந்து விழ விழ மொழிபெயர்த்து, இடத்தையும் குறித்துக் கொடுத்தார்கள். பிறந்த மண்ணிலே பூகம்பம். பிழைக்கப் போன ஊரிலே பிள்ளைகள். விமானம் இறங்க முடியாத நேரத்திலே அவர்கள் மொழி அங்கே போய் இறங்கியதே, அதை எது கொண்டுபோனது? ஈர நெஞ்சம் மட்டும் என்றால், அந்த நெஞ்சம் தொலைக்காட்சிக்கு முன்னாலே உட்கார்ந்து அழுதுகொண்டு மட்டும்தானே இருந்திருக்கும்! (பலத்த கைதட்டல்)

அந்த வரைபடத் தொண்டர்கள் அதோடு கலைந்து போகவில்லை. 2014ஆம் ஆண்டு கினி நாட்டிலே எபோலா பரவியபோது, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு கெக்கெடூ என்ற ஊரின் வரைபடம் தேவைப்பட்டது. நோயாளி எந்த ஊர், அந்த ஊர் எங்கே என்று தெரிந்தால்தானே நோய் போகிற வழியைப் பிடிக்க முடியும்? சில நாட்களிலே வரைந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும், மருத்துவர்கள் அமைப்பும், வரைபடத் தொண்டர்களும் சேர்ந்து, 'மிஸ்ஸிங் மேப்ஸ்' என்று ஒரு திட்டமே தொடங்கினார்கள். பூகம்பம் வந்த பிறகு வரையாதே, வருவதற்கு முன்னாலேயே வரைந்து வை! நாலு அமைப்பு, ஒரே தாள்.

சரி, சேர்ந்து வேலை செய்வதைச் சொல்லிவிட்டாய். நிதி சேர்ப்பதைச் சொல்லு என்கிறார் எதிரணி அண்ணன். சொல்கிறேன்.

சின்ன வயதிலே எங்க பாட்டி சொன்ன கதை. கர்ணன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடது கையிலே தங்கக் கிண்ணம். ஒருவர் வந்து அதைக் கேட்கிறார். இடது கையாலேயே கொடுத்துவிட்டான். "தானத்தை வலது கையாலே கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். கர்ணன் சொன்னான்: "வலது கைக்கு மாற்றுவதற்குள்ளே மனம் மாறிவிட்டால்?"

கர்ணனுக்கே அந்தப் பயம் இருந்தது, நமக்கு இருக்காதா? (சிரிப்பு)

2001 ஜனவரி 26, குஜராத் பூகம்பம். மறு வாரம், நிவாரண நிதி கட்ட எங்கள் வங்கியிலே கூட்டம். சலான் எழுத வேண்டும், வரிசையிலே நிற்க வேண்டும். ஓர் ஆட்டோக்காரத் தம்பி ஐம்பது ரூபாயைக் கையிலே பிடித்துக்கொண்டு வந்தார். மணி இரண்டு ஐந்து. பணம் வாங்குவது இரண்டு மணியோடு சரி. "நாளைக்கு வாங்க தம்பி"ன்னு சொன்னேன். சரிங்கம்மான்னு அந்த ஐம்பது ரூபாயை மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு போனார். நாளைக்கு அவர் வரவில்லை. அன்றைக்கு கவுன்டரை மூடியது வேறு யாருமில்லை, நான்தான். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஹைட்டியிலே பூகம்பம் வந்தபோது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் என்ன செய்தது? போனிலே 'ஹைட்டி' என்று அடித்து 90999க்கு அனுப்பினால் போதும், பத்து டாலர் நன்கொடை. போன் பில்லோடு சேர்ந்துவிடும். சலான் இல்லை, வரிசை இல்லை, இரண்டு மணிக் கணக்கு இல்லை. முன்னாலே இருந்தது கையடக்க போன். பின்னாலே உட்கார்ந்து கணக்கு எழுதியது இணையத்திலே ஓடிய கணினிகள். பத்துப் பத்து டாலராக மூன்று கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேலே சேர்ந்தது! (கைதட்டல்) நடுவர் அவர்களே, இதுதான் கர்ணனின் இடது கை. ஈரம் காய்வதற்குள்ளே கொடுத்துவிட வழி செய்தது மேகம்!

ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம், 2020ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு. 2015ஆம் ஆண்டு 'ஷேர் தி மீல்' என்று ஒரு செயலி கொண்டுவந்தார்கள். அரை டாலர் கொடுத்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் சாப்பாடு என்று அன்றைக்குக் கணக்கு. முதலிலே ஆப்பிரிக்காவிலே லெசோதோ நாட்டுப் பள்ளிக் குழந்தைகளுக்கு. ஓட்டலிலே சாப்பாடு வரும்வரை காத்திருக்கிறோமே, அந்த நேரத்திலே ஒரு விரல் தட்டு! கோடீஸ்வரர் வர வேண்டாம், அரை டாலர்க்காரர் போதும். முன்னாலெல்லாம் அரை டாலரை வாங்கி, ரசீது போட்டு, தபாலிலே அனுப்பினால், தபால் செலவே அதைத் தின்றுவிடும்!

இன்னொரு கேள்வி வரும். "அதுக்குச் சொந்தமா ஒரு கணினி வாங்கி வெச்சா போதாதா, மேகம் எதுக்கு?" உங்க வீட்டிலே தினமும் ஐந்து பேர் சாப்பிடுகிறீர்கள். பெண் கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருவார்கள் என்பதற்காக, ஐந்நூறு தட்டும் அண்டாவும் வாங்கி வருஷம் முழுக்கப் பரணிலே வைத்திருப்பீர்களா? வாடகைப் பாத்திரக் கடையிலே எடுப்பீர்கள்; கல்யாணம் முடிந்ததும் கழுவிக் கொடுத்துவிடுவீர்கள். (சிரிப்பு) தொண்டு நிறுவனமும் அப்படித்தான். சாதாரண நாளிலே நன்கொடை தர நூறு பேர் வருவார்கள். பூகம்பம் வந்த அன்றைக்கு லட்சம் பேர் ஒரே நேரத்திலே கதவைத் தட்டுவார்கள். சொந்தக் கணினி மூச்சுத் திணறிப் படுத்துவிடும், கொடுக்க வந்தவரும் திரும்பிப் போய்விடுவார், என் ஆட்டோக்காரத் தம்பி மாதிரி. மேகம் வாடகைப் பாத்திரக் கடை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு எடு, பயன்படுத்தியதற்கு மட்டும் காசு கொடு. மிச்சமான காசு மருந்துக்குப் போகும்.

கொடுத்தவருக்கு அடுத்த கேள்வி என்ன? "நான் கொடுத்த காசு போய்ச் சேர்ந்ததா?" 2006ஆம் ஆண்டு நியூயார்க்கிலே தொடங்கிய 'சாரிட்டி வாட்டர்' என்ற அமைப்பு, தண்ணீர்த் திட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் படத்தோடும் இட விவரத்தோடும் கொடுத்தவருக்கே காட்டியது. அதோடு நிற்கவில்லை. கிணறு தோண்டிப் படம் எடுத்து மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மறு வருஷம் அந்தப் பம்பிலே தண்ணீர் வருகிறதா? 2012ஆம் ஆண்டு கூகுள் கொடுத்த ஐம்பது லட்சம் டாலரைக் கொண்டு, 4,000 பம்புகளிலே உணர்கருவி பொருத்தும் திட்டம் போட்டார்கள். எத்தியோப்பியாவிலே ஒரு கிராமத்துக் கைப்பம்பு நின்றால், அந்தச் செய்தி தானாகவே கணினிக்குப் போகும். பழுது பார்க்கிறவர் கிளம்பிப் போகலாம். பம்பே பேசுகிறது! எங்க தெருப் பம்பு ரிப்பேர்னு நான் மூணு தடவை மனு எழுதினேன். பம்பும் பேசலை, பதிலும் வரலை! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது எதிரணிக்கு வருகிறேன். அவர்கள் சொன்னதிலே மூன்று நியாயமான கேள்விகள். ஓடி ஒளியப் போவதில்லை.

ஒன்று. "காட்டுக்குள்ளே டவர் ஏது?" நல்ல கேள்வி. கோபோ டூல்பாக்ஸ் என்று ஒன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வாளர்கள் உருவாக்கியது. டவர் இல்லாத ஊரிலேயே போனிலே விவரத்தை எழுதிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பி சிக்னல் கிடைத்ததும் மொத்தமும் மேகத்துக்குப் போய்ச் சேரும். மேகம் எப்பவும் தலைக்கு மேலேயே நிற்க வேண்டியதில்லை. வரும்போது வந்தால் போதும், வயல் காத்திருக்கும்.

இரண்டு. எதிரணித் தங்கை கேட்டார்: "ஹைட்டிக்குச் சேர்ந்த பணமெல்லாம் வீடாக மாறியதா?" 2015ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இதே கேள்வியைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கடுமையாகக் கேட்டார்கள்; கட்டிய நிரந்தர வீடுகள் மிகக் குறைவு என்று எழுதினார்கள். சங்கம் வேறு பணிகளுக்கெல்லாம் செலவானதைச் சொல்லி மறுத்தது. தங்கச்சி, வேகமாச் சேர்கிற பணம் வேகமா வீடாகாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து என்ன? கணக்கை இன்னும் திறந்து வைப்பது. 2008ஆம் ஆண்டு கானா நாட்டு அக்ரா மாநாட்டிலே, உதவித் தொகைக் கணக்கை எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரே அமைப்பிலே வெளியிடுவோம் என்று ஓர் உலக முயற்சியே தொடங்கினார்கள். பூட்டிய பீரோவிலே இருக்கிற லெட்ஜரை நீங்கள் கேள்வி கேட்க முடியாது. திறந்த தாளைத்தான் கேட்க முடியும்!

மூன்று. இதுதான் கனமான கேள்வி. "மேகத்திலே வைத்ததைத் திருடன் எடுத்தால்?" எடுத்திருக்கிறான். 2022ஆம் ஆண்டு ஜனவரி. போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்த்து வைக்கிற வேலையைச் செஞ்சிலுவை இயக்கம் உலகமெங்கும் செய்கிறது. குறைந்தது அறுபது நாட்டுச் சங்கங்கள் திரட்டிய விவரம், ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரம் பேருக்கும் மேலானவர்களுடையது. சுவிட்சர்லாந்திலே வெளி நிறுவனம் ஒன்றின் பொறுப்பிலே இருந்த கணினிகளுக்குள்ளே புகுந்துவிட்டார்கள். காணாமல் போனவர்களின் பட்டியல், நடுவர் அவர்களே! தாயைத் தேடுகிற பிள்ளை, பிள்ளையைத் தேடுகிற தாய். "தயவுசெய்து வெளியிடாதீர்கள்" என்று செஞ்சிலுவைக்காரர்கள் திருடர்களிடமே பகிரங்கமாக வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு மனம் பதறாதவர் இருக்க முடியாது. எனக்கும் பதறியது.

ஆனால் யோசியுங்கள். அறுபது நாட்டு விவரத்தை ஏன் ஓரிடத்திலே சேர்த்தார்கள்? அக்காள் ஒரு நாட்டு முகாமிலே, தம்பி இன்னொரு நாட்டு முகாமிலே. அவள் பெயர் ஒரு நோட்டிலே, அவன் பெயர் வேறொரு நோட்டிலே என்று இருந்தால், இரண்டு பேரும் சாகிறவரை சந்திக்க மாட்டார்கள். ஒரே தாளிலே இரண்டு பெயரும் விழுந்தால்தான் "இதோ உன் தம்பி" என்று சொல்ல முடியும். கோயில் உண்டியலை உடைத்தான் என்றால் கோயிலை இடிப்போமா, நல்ல பூட்டுப் போடுவோமா? (கைதட்டல்) பூட்டுப் போடுங்கள், காவல் வையுங்கள், தேவைக்கு மேலே ஓர் எழுத்துகூடக் கேட்காதீர்கள். இதிலே எதிரணி எவ்வளவு கண்டிப்பாகப் பேசினாலும் நான் கூடச் சேர்ந்து பேசுவேன்.

கடைசியாக, எதிரணி நம்பி நிற்கிற பெரிய தூண்: "அந்தக் காலத்திலே மேகமா இருந்தது? மனசு இருந்தது!" அந்தக் காலத்துக்கே போவோம். 1914, முதல் உலகப் போர். ஜெனிவா நகரத்திலே செஞ்சிலுவைக்காரர்கள் போர்க் கைதிகளுக்காக ஓர் அலுவலகம் திறந்தார்கள். பிரான்சிலிருந்து ஒரு தாய், "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று கடிதம் எழுதுவார். ஜெர்மனியிலிருந்து கைதிகள் பட்டியல் வரும். தொண்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள்! 1915ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு பெற்ற ரோமன் ரோலந்து அங்கே தொண்டராக உட்கார்ந்து வேலை பார்த்தவர். தேடுகிறவர் அட்டையும் கிடைத்தவர் அட்டையும் ஒரே பெட்டியிலே சந்தித்தால், ஒரு தாய்க்குக் கடிதம் போகும்.

பார்த்தீர்களா? அந்த ஈர நெஞ்சங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அட்டை எழுதினார்கள். ஏன்? ஈரம் மட்டும் போதாது, எல்லாப் பெயரும் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த அட்டைப் பெட்டி. இன்றைக்கு மேகக் கணினி!

நடுவர் அவர்களே, தலைப்பைக் கவனியுங்கள். 'தொண்டு எங்கே பிறக்கிறது?' என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நெஞ்சத்திலே என்று சொல்லிவிட்டு நானும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். 'பெரிதும் துணை நிற்பது எது?' என்று கேட்டீர்கள். நெஞ்சம் தொண்டுக்குத் துணை இல்லை ஐயா, தாய்! பிறந்த பிள்ளை ஊர் போய்ச் சேரத் துணைக்கு வருவது யார்? அதுதான் மேகம். (பலத்த கைதட்டல்)

அந்த லாரியை எட்டிப் பார்த்த பெண்ணுக்கு இப்போது முப்பது வயதுக்குப் பக்கத்திலே இருக்கும். எங்கேயோ நல்லபடியாக இருக்கட்டும். இன்னொரு தடவை கடல் பொங்க வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஒருவேளை பொங்கினால், உலகத்திலே எந்தக் கரையாக இருந்தாலும், அரிசி இருக்கிற ஊருக்குச் சட்டி போகட்டும்; யாரும் போகாத ஊருக்கு அரிசி போகட்டும்; ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிற லாரி காலியாக இருக்க வேண்டாம். அதற்கு நெஞ்சிலே ஈரம் வேண்டும். அந்த ஈரம் எல்லோரும் பார்க்கிற ஒரே சீட்டிலே எழுதப்பட வேண்டும்.

அந்தச் சீட்டின் பெயர் மேகக் கணினி. எனவே உலகத் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிதும் துணை நிற்பது மேகக் கணினியே, மேகக் கணினியே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என நடுவர் அவர்களை வேண்டுகிறேன். (நீண்ட கைதட்டல்)